வெடிபொருளை லேசரால் எடை போடுவது எப்படி?

சென்னை விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையில் சில நேரம் சிஐஎஸ்எஃப் காவலர் சின்னப் பட்டை ஒன்றை எடுத்து, உங்கள் பையின் கைப்பிடி, ஜிப், ஓரம் என்று தேய்ப்பார். பிறகு அதைப் பக்கத்திலிருக்கும் பெட்டிக்குள் செருகுவார். சில விநாடிகளில் திரையில் முடிவு வரும், போகச் சொல்வார். பையைத்தான் எக்ஸ்ரே ஏற்கெனவே பார்த்துவிட்டதே, அப்புறம் எதற்கு இந்தத் துடைப்பு? காரணம் இருக்கிறது. எக்ஸ்ரேக்குத் தெரிவது பொருளின் வடிவமும் அடர்த்தியும். உள்ளே இருக்கும் கட்டி திருநெல்வேலி அல்வாவா, சோப்பா, வேறு ஏதாவதா என்று அதனால் அடித்துச் சொல்ல முடியாது. மெட்ரோ ரயில் நிலையத்தில் பையை விழுங்கித் துப்பும் எந்திரத்துக்கும் இதே நிலைதான்.

பட்டையை வாங்கிக்கொள்ளும் பெட்டி கேட்பது வேறு கேள்வி: இதில் ஒட்டியிருப்பது எந்த மூலக்கூறு? இதற்கு விடை காணும் வழிகள் பல உண்டு. அவற்றில் வேதியியலாளர்கள் பெரிதும் நம்புவது மூலக்கூறை எடை போட்டுப் பார்ப்பதை. அதற்கான கருவிதான் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், அதாவது நிறை நிறமாலைமானி. அதோடு லேசரை ஏன் சேர்க்கிறார்கள், சேர்த்தால் என்ன லாபம் என்பதைப் பார்ப்போம். பள்ளியில் படித்த அணு நிறை கொஞ்சம் நினைவிருந்தால் போதும்.

227 என்றால் டிஎன்டியா?

கார்பன் அணுவின் நிறை 12, ஹைட்ரஜன் 1, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16. டிஎன்டி என்ற வெடிபொருளின் மூலக்கூறு ஒன்றில் 7 கார்பன், 5 ஹைட்ரஜன், 3 நைட்ரஜன், 6 ஆக்சிஜன் இருக்கின்றன. கூட்டினால் 227. இதே கணக்கில் மற்ற வெடிபொருள்களில் ஆர்டிஎக்ஸ் 222, பிஇடிஎன் 316, அம்மோனியம் நைட்ரேட் 80.

மூலக்கூறையும் அணுவையும் இப்படி எடை போடலாம் என்பது நூறாண்டுக்கு முந்தைய கண்டுபிடிப்பு. நியான் வாயுவில் 20, 22 என இரண்டு எடையுள்ள அணுக்கள் கலந்திருக்கும் அறிகுறியை 1912-13 வாக்கில் கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சன் கண்டார். அவரிடம் உதவியாளராக இருந்த ஃபிரான்சிஸ் ஆஸ்டன் 1919-இல் அதற்கென்றே துல்லியமான கருவி ஒன்றைக் கட்டி, 1922-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

சரி, கருவி 227 என்று காட்டினால் டிஎன்டி என்று முடிவு கட்டிவிடலாமா? முடியாது. நைட்ரோகிளிசரின் என்ற இன்னொரு வெடிபொருளின் நிறையும், 3 கார்பன், 5 ஹைட்ரஜன், 3 நைட்ரஜன், 9 ஆக்சிஜன் என்று கூட்டிப் பாருங்கள், அதே 227. இன்னொரு ஜோடியும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 222, டிஏடிபி (TATP) என்ற பெராக்சைடு வெடிபொருளும் 222. வேதியியலில் இவை ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எடை மட்டும் ஒத்துப்போகிறது. தசமப் புள்ளிக்குப் பின்னால் பார்த்தால் வித்தியாசம் தெரியும். டிஎன்டி 227.018, நைட்ரோகிளிசரின் 227.003. அந்த 0.015-ஐப் பிரித்துப் பார்க்கும் கருவிகள் பெரிய ஆய்வகங்களில் இருக்கின்றன. ஆனால் சுமந்து செல்லக்கூடிய எளிய கருவியிடம் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. ஆகவே எடையோடு இன்னொரு சாட்சியும் வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்; முதலில் எடை பார்க்கும் விதம்.

ஓடவிட்டு நேரம் பார்ப்பது

தனி மூலக்கூறைத் தராசில் வைக்க வழியில்லை. அதனால் அதை ஓடவிடுகிறார்கள். மூலக்கூறிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கினால் மிச்சம் நேர்மின்னூட்டம் கொண்ட அயனி. அயனியை மின்னழுத்தம் கொண்டு தள்ளலாம். எல்லா அயனிகளுக்கும் ஒரே அளவு ஆற்றலைக் கொடுத்து, காற்றை வெளியேற்றிய குழாயில் விட்டால் லேசானது முந்தும், கனமானது பிந்தும். குழாயின் மறுமுனையை அடைய எவ்வளவு நேரமாயிற்று என்று பார்த்தால் நிறை தெரிந்துவிடும். நேரம், நிறையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். கணக்கு இவ்வளவுதான்.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். 2,000 வோல்ட் கொடுத்து, ஒரு மீட்டர் நீளக் குழாயில் விட்டால் டிஎன்டி அயனியின் வேகம் விநாடிக்குச் சுமார் 41 கிலோமீட்டர். சென்ட்ரலில் கிளம்பினால் ஒரே விநாடியில் தாம்பரத்தைத் தாண்டியிருக்கும். அந்த ஒரு மீட்டரைக் கடக்க அதற்கு 24.3 மைக்ரோ விநாடி போதும். ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆர்டிஎக்ஸ் 24.0 மைக்ரோ விநாடியில் வந்துவிடும். பிஇடிஎன் 28.6. டிஎன்டிக்கும் ஆர்டிஎக்ஸுக்கும் இடையிலிருக்கும் 0.3 மைக்ரோ விநாடி நமக்கு ஒன்றுமில்லைதான், ஆனால் இன்றைய மின்னணுக் கடிகாரங்களுக்கு அது தாராளமான இடைவெளி.

இங்கேதான் லேசர் முதல் தடவை கைகொடுக்கிறது. ஓட்டப் பந்தயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினால்தானே நேரம் பார்ப்பதில் பொருள் இருக்கும்? லேசர் துடிப்பு ஒன்று சில நானோ விநாடியில், அதாவது மைக்ரோ விநாடியின் ஆயிரத்தில் சில பங்கில், முடிந்துவிடுகிறது. அந்தக் கணத்தில்தான் அயனிகள் பிறக்கின்றன, அந்தக் கணத்திலேயே கடிகாரமும் ஓடத் தொடங்குகிறது. பறக்கும் நேரத்தை வைத்து நிறை பார்க்கும் கருவியும் துடிப்பு லேசரும் இதனாலேயே நல்ல ஜோடி. ஒரே நிறையுள்ள அயனிகளுக்குள்ளும் சில கொஞ்சம் கூடுதல் வேகத்தோடு கிளம்பிவிடும்; அதைச் சரிக்கட்ட குழாயின் கோடியில் மின்புலத்தால் ஆன ஒரு கண்ணாடியை வைத்துத் திருப்பி அனுப்பும் உத்தியை 1973-இல் சோவியத் இயற்பியலாளர் போரிஸ் மமீரின் வெளியிட்டார். வேகமானது அந்தக் கண்ணாடிக்குள் அதிக ஆழம் போய்த் திரும்பும். அதனால் கடைசியில் எல்லாம் ஒன்றாக வந்து சேரும்.

எலக்ட்ரானைப் பிடுங்கும் சங்கடம்

எடை பார்ப்பது சுலபம் என்று இப்போது தோன்றியிருக்கும். சுலபம்தான். கஷ்டம் அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. எலக்ட்ரானைப் பிடுங்க வேண்டும், மூலக்கூறு சிதையவும் கூடாது. வெடிபொருளில் இது இரட்டைச் சிக்கல். அதன் மூலக்கூறு எளிதில் உடையக்கூடியது. எளிதில் உடைவதால்தான் அது வெடிபொருள். டிஎன்டியில் கார்பனுக்கும் நைட்ரோ தொகுதிக்கும் (ஒரு நைட்ரஜனும் இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்தது) இடையிலுள்ள பிணைப்பு பலவீனமானது. ஆர்டிஎக்ஸில் நைட்ரஜனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலுள்ளது, பிஇடிஎன்னில் ஆக்சிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலுள்ளது, அதைவிடப் பலவீனம்.

ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்வது 70 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலுள்ள எலக்ட்ரான்களை மூலக்கூறின் மேல் மோதவிடுவது. டிஎன்டியிலிருந்து ஒரு எலக்ட்ரானை எடுக்கத் தேவையானது சுமார் 10.6 எலக்ட்ரான் வோல்ட். மோதும்போது மிஞ்சும் ஆற்றலில் ஒரு பகுதி உள்ளேயே தங்கி மூலக்கூறைப் பிய்த்துப் போடுகிறது. பிஇடிஎன், நைட்ரோகிளிசரின் போன்றவற்றில் முழு மூலக்கூறின் தடயமே பெரும்பாலும் மிஞ்சாது.

ஒளி அளவோடு அடிக்கக்கூடியது. ஒளி ஃபோட்டான் என்ற பொட்டலங்களாக வருகிறது. ஒரு ஃபோட்டானின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட்டில் அறிய, 1240-ஐ அலைநீளத்தால், நானோமீட்டரில், வகுத்தால் போதும். ஆய்வகங்களில் சர்வசாதாரணமாக இருக்கும் என்டி-யாக் லேசர் தருவது 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. அதைப் படிகங்களின் வழியாக அனுப்பி அலைநீளத்தைக் கால் பங்காக்கினால் 266 நானோமீட்டர் புற ஊதா ஒளி கிடைக்கும். 1240-ஐ 266-ஆல் வகுத்தால் 4.66. டிஎன்டிக்குத் தேவை 10.6. ஒன்று போதாது, இரண்டு சேர்ந்தால் 9.3, அதுவும் போதாது. மூன்று ஃபோட்டான்களை ஒரே மூலக்கூறு விழுங்க வேண்டும்.

ஒரு மூலக்கூறு ஒன்றுக்கு மேற்பட்ட ஃபோட்டான்களைச் சேர்த்து விழுங்க முடியும் என்று 1931-இல் தாளில் கணக்குப் போட்டுச் சொன்னவர் இயற்பியலாளர் மரியா கோப்பர்ட்-மேயர். அதைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு அடர்த்தியான ஒளி அப்போது இல்லை. 1960-இல் லேசர் வந்தது. மறு ஆண்டே அவர் சொன்னது ஆய்வகத்தில் உறுதியானது. இந்த முறையில் இன்னொரு சௌகரியமும் உண்டு. முதல் ஃபோட்டானின் ஆற்றல் மூலக்கூறின் ஏதாவது ஒரு ஆற்றல் நிலைக்குச் சரியாகப் பொருந்தினால் அடுத்த ஃபோட்டானை விழுங்கும் வாய்ப்பு பல மடங்கு கூடும். பொருந்தாத மற்ற மூலக்கூறுகள் கண்டுகொள்ளாமல் இருந்துவிடும். இப்படி அலைநீளத்தைத் தேர்ந்தெடுத்தே ஒரு குறிப்பிட்ட மூலக்கூறை மட்டும் அயனியாக்கலாம். பென்சீன், நாஃப்தலீன் மாதிரி வளைய மூலக்கூறுகளுக்கு இது பிரமாதமாக வேலை செய்கிறது.

வெடிபொருளுக்கு மட்டும் வேலை செய்வதில்லை. முதல் ஃபோட்டானை விழுங்கியதுமே நைட்ரோ தொகுதி கழன்றுவிடுகிறது. மாடிக்கு ஏறப் போனவன் முதல் படியில் கால் வைத்ததும் அந்தப் படியே உடைந்தால் எப்படியிருக்கும், அப்படி. துடிப்பு 5 முதல் 10 நானோ விநாடி நீள்கிறது. பிணைப்பு அறுபடப் பிகோ விநாடி அளவே போதும், அதாவது நானோ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அடுத்த ஃபோட்டான் வந்து சேரும்போது அங்கே டிஎன்டி இல்லை, அதன் துண்டுகள்தான் இருக்கின்றன. நிறமாலையில், அதாவது எந்த நிறையில் எவ்வளவு அயனி வந்தது என்று காட்டும் வரைபடத்தில், உயரமாக நிற்பது 30 என்ற கோடு. அது நைட்ரிக் ஆக்சைடு: 14 கூட்டல் 16.

இந்த 30-ஐயே தடயமாக வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் முயன்றார்கள். 226 நானோமீட்டர் ஒளிக்கு நைட்ரிக் ஆக்சைடு மிக நன்றாக இசைந்துகொடுக்கிறது. இரண்டே ஃபோட்டானில் அயனியாகிவிடும். நைட்ரோ தொகுதியுள்ள எந்த வெடிபொருளும் உடைந்து நைட்ரிக் ஆக்சைடைத் தருவதால் ஒரே அலைநீளத்தில் பலவற்றைப் பிடிக்கலாம். ஆனால் அண்ணா சாலையில் மாலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். வாகனப் புகையிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு காற்றில் எந்நேரமும் இருக்கிறது. பேருந்திலிருந்து வந்ததா, பையிலிருந்து வந்ததா? இதற்கு ஆய்வாளர்கள் கண்ட வழி கெட்டிக்காரத்தனமானது. வெடிபொருள் உடைந்து அப்போதுதான் பிறந்த நைட்ரிக் ஆக்சைடு அதிர்ந்துகொண்டே வெளியே வருகிறது. காற்றில் நெடுநேரம் கிடந்தது அடங்கிப்போயிருக்கும். அதிரும் மூலக்கூறு கொஞ்சம் நீண்ட அலைநீளத்துக்கு இசையும், 236, 248 நானோமீட்டர் பக்கம். அங்கே லேசரை வைத்தால் வாகனப் புகை கணக்கில் வராது. ஆனாலும் இதில் தெரிவது நைட்ரோ சேர்மம் ஒன்று இருக்கிறது என்பதுதான். எது என்பது தெரியாது.

முழு மூலக்கூறே வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு வழிகள். முதலாவது, மூன்று ஃபோட்டான் வேலையை ஒரே ஃபோட்டானிடம் கொடுப்பது. 1064-ஐ ஒன்பதால் வகுத்தால் 118 நானோமீட்டர். அந்த ஒளியின் ஒரு ஃபோட்டானில் 10.5 எலக்ட்ரான் வோல்ட் இருக்கிறது. டிஎன்டிக்குத் தேவைப்படுவதும் ஏறக்குறைய அவ்வளவே. மிச்ச ஆற்றல் கிட்டத்தட்ட இல்லை என்பதால் உடைவது வெகுவாகக் குறைகிறது.

எனக்குப் பிடித்த வழி இதுதான், காரணம் வேறு. நைட்ரஜன் வாயுவை அயனியாக்க 15.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், நீராவிக்கு 12.6, ஆக்சிஜனுக்கு 12.1. 10.5-ஐ வைத்துக்கொண்டு இவற்றில் ஒன்றையும் தொட முடியாது. சென்னைக் காற்றில், அதுவும் ஐப்பசி மாதத்தில், எவ்வளவு ஈரம் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஈரமும் காற்றும் இந்த ஒளிக்கு இல்லாத பொருள்கள். கோடானுகோடி காற்று மூலக்கூறுகளுக்கு நடுவே நமக்கு வேண்டிய சில மட்டும் அயனியாகின்றன. ஆனால் 118 நானோமீட்டர் ஒளியை உண்டாக்குவது லேசான காரியமல்ல. 355 நானோமீட்டர் லேசரை செனான் வாயுவுக்குள் குவித்தால் அதில் மிகச் சிறு பங்குதான் 118-ஆக மாறும். சாதாரணக் கண்ணாடி அதை உள்ளே விடாது, காற்றும் விழுங்கிவிடும். லித்தியம் ஃபுளூரைடு மாதிரிப் படிகங்களில் வில்லை செய்து, பாதை முழுக்க வெற்றிடமாக வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, உடைவதற்கு நேரமே கொடுக்காமல் இருப்பது. ஃபெம்டோ விநாடி என்பது விநாடியைக் கோடி கோடியாக வகுத்து மீண்டும் பத்தால் வகுத்தால் வருவது. நூறு ஃபெம்டோ விநாடியில் ஒளியே 0.03 மில்லிமீட்டர்தான் நகரும். அவ்வளவு குறுகிய துடிப்புக்குள் தேவையான ஃபோட்டான்கள் எல்லாம் வந்துவிடுகின்றன. 800 நானோமீட்டர் ஒளியானால் டிஎன்டிக்கு ஏழு. பிணைப்பு அறுந்து துண்டுகள் விலகுவதற்கு முன்பே எலக்ட்ரான் வெளியேறிவிடுகிறது. நானோ விநாடி லேசரில் காணாமல் போன முழு மூலக்கூறின் கோடு இதில் திரும்ப வருகிறது. 1990-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகக் குழு நைட்ரோ சேர்மங்களில் இதை விரிவாக ஆராய்ந்தது. இப்படிப்பட்ட துடிப்புகளை மேசைமேல் வைக்கும் லேசரிலேயே பெற வழி செய்தது 1985-இல் டோனா ஸ்டிரிக்லண்டும் ஜெரார் மூரூவும் கொண்டுவந்த உத்தி: துடிப்பை முதலில் இழுத்து நீட்டி, பெருக்கி, பிறகு சுருக்குவது. 2018 இயற்பியல் நோபல் பரிசில் பாதி அதற்காகத்தான்.

உடைந்ததும் சாட்சிதான்

உடைவதை இவ்வளவு நேரம் திட்டிவிட்டு இதைச் சொல்கிறேன்: கொஞ்சம் உடைவது நல்லது. 227-இல் நின்ற அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதே துண்டுகள்தான். 70 எலக்ட்ரான் வோல்ட் முறையில் டிஎன்டியை உடைத்தால் மிக உயர்ந்த கோடு 210-இல் வரும். டிஎன்டி வளையத்தில் மெத்தில் தொகுதியும் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும்) நைட்ரோ தொகுதியும் அடுத்தடுத்து இருக்கின்றன. மெத்திலிலுள்ள ஹைட்ரஜன் ஒன்று பக்கத்து நைட்ரோவின் ஆக்சிஜனுக்குத் தாவி, இரண்டும் சேர்ந்து 17 நிறையோடு வெளியேறிவிடுகின்றன. 227-இல் 17 போனால் 210. அந்த அமைப்பு நைட்ரோகிளிசரினில் இல்லை. அது 46, 76 என்று உடையும். ஆர்டிஎக்ஸ் 102, 128, 46 போன்ற துண்டுகளைத் தரும். அதே எடையுள்ள டிஏடிபியில் நைட்ரஜனே கிடையாது, எனவே நைட்ரோ துண்டும் வராது. 43, 58, 59 என்று வேறு வரிசை. முழு எடை ஒரு சாட்சி, உடைந்த விதம் இன்னொரு சாட்சி. லேசரின் வலிமையைக் கூட்டிக் குறைத்து, எவ்வளவு உடைய வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். முதல் துடிப்பில் மென்மையாக முழு மூலக்கூறு, அடுத்ததில் கொஞ்சம் பலமாகத் துண்டுகள். லேசர் முறையின் உண்மையான மதிப்பு இதில்தான் இருக்கிறது என்பேன். எலக்ட்ரான் மோதலில் இந்த அளவுக்குக் கைக்கு அடங்குவதில்லை.

மூலக்கூறு கைக்கு வர வேண்டுமே

வெடிபொருள் "வாசனை" என்று பேசுகிறோம். நாய் மோப்பம் பிடிக்கிறதே, கருவியால் முடியாதா என்று கேட்கலாம். ஆனால் பல வெடிபொருள்கள் ஆவியாவதே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவாக ஆவியாகின்றன. 25 டிகிரி வெப்பத்தில் டிஎன்டிக்கு மேலே உள்ள காற்றில், நூறு கோடி மூலக்கூறுகளுக்குச் சில என்ற கணக்கில்தான் டிஎன்டி இருக்கும். ஆர்டிஎக்ஸ் அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. எண்ணாகப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை. ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் இருக்கும் மூலக்கூறுகள் ஏராளம் என்பதால், லட்சம் கோடியில் ஒன்று என்றாலும் 2.5 கோடி தேறும். கருவியின் கடைசியிலிருக்கும் உணரிக்கு ஒரே ஒரு அயனி மோதினாலும் போதும். அதைப் பத்து லட்சம் எலக்ட்ரான்களாகப் பெருக்கித் துடிப்பாகக் காட்டிவிடும். ஆனால் அந்த 2.5 கோடியும் கருவியை வந்தடைவதில்லை. குழாயின் சுவர், பையின் துணி, காற்றிலுள்ள தூசி என்று எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொள்ளும் குணம் இவற்றுக்கு. மேலே மூடியிருந்தால் வெளியே வருவது இன்னும் குறைவு.

வெப்பம் கூடினால் நிலைமை கொஞ்சம் மாறும். டிஎன்டியைப் பொறுத்தவரை ஏறக்குறைய 5 டிகிரி கூடினால் ஆவி இரண்டு மடங்காகும். சித்திரை வெயிலில் 40 டிகிரியில் நிற்கும் லாரிக்குள் 25 டிகிரி ஆய்வகத்தில் இருப்பதைப் போல ஆறேழு மடங்கு ஆவி இருக்கலாம்.

இதனால்தான் துடைக்கும் பட்டை. வெடிபொருளைத் தொட்ட கையில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன; அந்தக் கை தொட்ட கைப்பிடியிலும் ஜிப்பிலும் போய்ச் சேர்கின்றன. 5 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள ஒரே ஒரு ஆர்டிஎக்ஸ் துகளில் சுமார் 30,000 கோடி மூலக்கூறுகள் இருக்கும். ஆவியைத் துரத்துவதைவிடத் துகளைத் தேடுவது எவ்வளவோ மேல். பட்டையைச் சூடாக்கி ஆவியாக்கலாம். அல்லது ஒரு லேசர் துடிப்பால் துகளைப் பரப்பிலிருந்து கிளப்பி, சில மைக்ரோ விநாடி கழித்து இன்னொரு லேசரால் அயனியாக்கலாம். கிளப்புவதற்கு ஒன்று, அயனியாக்குவதற்கு ஒன்று என்று வேலையைப் பிரித்துக்கொடுப்பதால் இரண்டையும் தனித்தனியே சரிசெய்ய முடியும்.

பிளாஸ்டிக் வெடிபொருள் விஷயத்தில் உலக நாடுகள் வேறு வழியும் எடுத்தன. 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகரின் மேலே பான் ஆம் விமானம் வெடித்து 270 பேர் இறந்தார்கள். ஒளித்துவைக்கப்பட்ட பிளாஸ்டிக் வெடிபொருளே காரணம். அதைத் தொடர்ந்து 1991 மார்ச்சில் மான்ட்ரியலில் ஒப்பந்தம் ஒன்று உருவானது: எளிதில் ஆவியாகும் ஒரு சேர்மத்தை உற்பத்தியின்போதே பிளாஸ்டிக் வெடிபொருளில் கலந்துவிட வேண்டும். அவற்றுள் டிஎம்என்பி என்ற ஒன்றின் நிறை 176. ஆவியாகாத ஆர்டிஎக்ஸைத் தேடுவதற்குப் பதில் கருவி இந்த 176-ஐத் தேடலாம். ஆலையில் முறைப்படி தயாரானவற்றுக்குத்தான் இது பொருந்தும்.

அம்மோனியம் நைட்ரேட் தனி ரகம். 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்த செய்தி வந்த கையோடு, மணலியில் சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் ஆண்டுக்கணக்கில் கிடப்பது தெரிந்து நகரமே பதறியது நினைவிருக்கும். பிறகு அதை ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். அது உப்பு. சூடாக்கினால் பெரும்பாலும் அம்மோனியாவாகவும் நைட்ரிக் அமிலமாகவும் பிரிந்துவிடும், 80 என்ற முழு எடை வெளியே வராது. அம்மோனியாவின் 17-ஐ மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. வியர்வையிலும் கழிப்பறையிலும்கூட அது இருக்கிறது. இதற்கு எதிர்மின் அயனிகளைப் பார்ப்பது உதவும். நைட்ரேட் அயனி 62-இல் தெளிவாக நிற்கும்.

அப்படியானால் விமான நிலையத்தில் ஏன் இல்லை?

மீனம்பாக்கத்தில் 1984 ஆகஸ்ட் 2 இரவு குண்டு வெடித்து முப்பது பேர் அளவில் இறந்த ஊர் இது. நல்ல கருவி இருந்தால் வாங்கி வைக்க வேண்டியதுதானே?

வெற்றிடம்தான் முதல் தடை. அயனி காற்றில் மோதாமல் பறக்க வேண்டும். அதற்கு எந்நேரமும் ஓடும் பம்புகள் தேவை. அடுத்தது லேசர். ஃபெம்டோ விநாடி லேசர் தூசியும் அதிர்வும் வெப்பநிலை மாற்றமும் ஆகாத கருவி. குளிர்சாதன அறையில் கனத்த மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். வரிசையில் இருநூறு பேர் நிற்கும் இடத்துக்கு அது ஒத்துவராது. இழைவழி (ஃபைபர்) லேசர்கள் வந்த பிறகு உருவமும் பராமரிப்பும் குறைந்திருக்கின்றன, இருந்தாலும் விலை விலைதான்.

எனவே துடைப்புப் பட்டையை வாங்கும் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது அயனி நகர்வு முறை. அதில் வெற்றிடம் இல்லை. அயனிகளைச் சாதாரண அழுத்தக் காற்றிலேயே மின்புலத்தால் இழுக்கிறார்கள். காற்று மூலக்கூறுகளில் முட்டி மோதி எது எவ்வளவு நேரத்தில் வந்து சேர்கிறது என்று பார்ப்பார்கள். மில்லி விநாடியில் முடிகிற வேலை. பெட்டி சிறியது, விலையும் கட்டுப்படியாகும். ஆனால் அதில் தெரிவது அயனியின் பருமனும் வடிவமும் சேர்ந்த கணக்கு, எடை அல்ல. வேறு ஏதாவது ஒரு சேர்மம் தற்செயலாக அதே நேரத்தில் வந்தால் மணி அடித்துவிடும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஆய்வகத்தில் இருந்துகொண்டு இப்படிப்பட்ட சந்தேகங்களைத் தீர்க்கிறது. குண்டுவெடிப்புக்குப் பிறகு மண்ணிலும் துணியிலும் எஞ்சியதை ஆராய்கிறது. மயிலாப்பூர் காமராஜர் சாலையில் இருக்கும் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் வேர் 1849-இல் மதராஸில் தொடங்கிய இரசாயனப் பரிசோதகர் ஆய்வகத்தில் இருக்கிறது. கிண்டிப் பக்கம் ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் டி. பிரதீப் குழு 2012-இல் வேறொரு பாதையில் போனது. பூ வடிவத் தங்கத் துகள்களின் மேல் வெள்ளித் திரள்களைப் பதித்து, டிஎன்டி பட்டதும் அவை காட்டும் ஒளி மாறுவதை நுண்ணோக்கியில் பார்த்து, சில நூறு மூலக்கூறுகளுக்கும் குறைவான அளவை அடையாளம் கண்டதாக அறிவித்தது. எடை போடாமலே கண்டுபிடிப்பது அந்த வழி.

தவறான மணியைப் பற்றி ஒன்று. நெஞ்சுவலிக்காக நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையிலுள்ள ஐசோசார்பைடு டைநைட்ரேட் நைட்ரோகிளிசரினின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். உடைந்தால் அதுவும் நைட்ரேட் துண்டுகளைத் தரும். துண்டை மட்டும் பார்க்கும் கருவி தடுமாறலாம். முழு எடை 236 என்பதால் மென்மையாக அயனியாக்கும் லேசர் கருவி இரண்டையும் பிரித்துவிடும். ஆனால் இதய நோய்க்கு நைட்ரோகிளிசரினையே மருந்தாகத் தருவதும் உண்டு, மாத்திரையாகவும் தோலில் ஒட்டும் பட்டையாகவும். வெடிக்கவே முடியாத அளவுக்கு நீர்த்துப்போனது, ஆனால் மூலக்கூறு அதே மூலக்கூறு. 227, 76, 46 எல்லாம் அச்சு அசலாக ஒன்றுதான். எவ்வளவு விலை உயர்ந்த கருவியை வைத்தாலும் அது நைட்ரோகிளிசரின் என்றே சொல்லும், அது சரியும்கூட. அந்த இடத்தில் காவலர் மருத்துவரின் சீட்டைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.